பெட்டிஷன் குடுத்துட்டு காத்திருக்காதீங்க, டைம் ஓடிட்டிருக்கு

போன வாரம் மறுபடியும் ஒரு ஊர்க்காரங்க என் வக்கீல் ஆபீசுக்கு வந்தாங்க. சாயப்பட்டறைக்குப் பக்கத்து ஊரு, போர்த்தண்ணி நிறம் மாறி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு, மாடு கூட மோந்து பாத்துட்டு தலைய திருப்பிக்குதுன்னாங்க. கூல்டிரிங்ஸ் பாட்டில்ல பழுப்பா தண்ணி, மஞ்சப்பை நிறைய மனு ரசீது. கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள், சிஎம் செல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்னு ஒரு இடம் விடல. கேஸ் மட்டும் போடல. ஏங்கன்னு கேட்டா "மனு நிலுவைல இருக்கே சார், நல்ல தண்ணி எங்க உரிமைதானே, அதுக்கெல்லாமா கெடு"ன்றாங்க. இதே பதில கேட்டு கேட்டு ஓஞ்சு போயிட்டேன்.

உரிமை இருக்கு, சந்தேகமே வேணாம். அரசியலமைப்புல தனியா எழுதலன்னாலும், 21வது பிரிவு சொல்ற உயிர் வாழும் உரிமைக்குள்ள மாசில்லாத தண்ணியும் காத்தும் அடங்கும்னு 1991ல சுபாஷ் குமார் கேஸ்லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 1996ல நம்ம பாலாறு தோல் தொழிற்சாலை கேஸ்ல மாசு பண்ணவனே காசு கட்டணும்னு தீர்ப்பு வந்துச்சு.

ஆனா அத எங்க, எப்ப கேக்கணும்ங்கறதுக்கு சட்டத்துல கணக்கு இருக்குங்க. சுற்றுச்சூழல் கேஸ்களுக்குன்னே இருக்கற கோர்ட்டுதான் பசுமைத் தீர்ப்பாயம். அதோட சட்டம் 2010, 14வது பிரிவு: பிரச்சினை முதன்முதலா வந்த நாள்லேர்ந்து 6 மாசம், தகுந்த காரணம் காட்டினா இன்னொரு 60 நாள். மனு குடுத்த நாள்லேர்ந்து இல்ல, பதில் வந்த நாள்லேர்ந்து இல்ல, அதிகாரி ஜீப்புல வந்து பாத்துட்டுப் போன நாள்லேர்ந்தும் இல்ல. மாசு இன்னிக்கும் தொடருதுன்னு நாங்க வாதாடுவோம், சில நேரம் எடுபடும், ஆனா எதிர்த்தரப்பு எந்திரிச்சதும் எடுக்கற முதல் பாயிண்டே காலதாமதம்தான். நஷ்டஈடு கேக்க, கெட்டுப்போன நிலத்த சீர்பண்ணச் சொல்லிக் கேக்க 15வது பிரிவுல 5 வருசம் இருக்கு. ஹைகோர்ட்ல அரசியலமைப்பு 226வது பிரிவுல ரிட் மனு போடலாம், அங்க இத்தன மாசம்னு கிடையாது, ஆனா இவ்ளோ நாள் எங்க போனீங்கன்னு ஜட்ஜ் கண்டிப்பா கேப்பாரு.

மனு குடுக்க வேணாம்னு சொல்லவே இல்ல. ஒப்புகை வாங்கி வைங்க, நாளைக்கு அதுவும் ஆதாரம். கூடவே கேஸ் வேலையும் நடக்கட்டும்.

அந்த பாட்டில் தண்ணிய வச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எந்த போர், எந்த தேதி, யார் எடுத்தாங்கன்னு எதுவுமே இல்ல. குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப்ல குடுத்து, தேதி போட்ட ரிப்போர்ட்டா வாங்குங்க. குடிதண்ணில டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கற உப்பு மாதிரி பொருளோட அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லாத ஊர்னா 2000 வரைக்கும். பட்டறை கழிவுநீர நீங்க போய் மொள்ளாதீங்க, அத மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் நோட்டீஸ் குடுத்து, ரெண்டா பிரிச்சு, சீல் வச்சு எடுக்கணும், இல்லன்னா கோர்ட்ல நிக்காது. எடுக்கச் சொல்லி எழுதிக் குடுங்க. அந்த பட்டறைய நடத்த வாரியம் குடுத்த அனுமதி, அதாவது இசைவாணைய, ஆர்டிஐல (தகவல் உரிமைச் சட்டத்துல) கேட்டு வாங்குங்க, பாதி கேஸ் அதுல இருக்கற நிபந்தனைலயே இருக்கும்.

செலவுக்குப் பயந்து நிக்காதீங்க. நஷ்டஈடு கேக்காத மனுவுக்கு தீர்ப்பாயத்துல கட்டணம் 1000 ரூபா, வறுமைக்கோட்டுக்குக் கீழ இருந்தா அதுவும் இல்ல. வக்கீல் இல்லாம நீங்களே நின்னு பேசலாம். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் வருமானம் பாக்காம தாலுகா சட்டப்பணிகள் குழுவுல இலவசமா வக்கீல் தருவாங்க.

தண்ணி நிறம் மாறுன அந்த வாரமே வாங்க, தயவு செஞ்சு. தனி ஆளா வந்தா மிரட்டுவாங்கன்னு பயமா இருந்தா, நாலஞ்சு வீட்டுக்காரங்க சேந்து ஒரே மனுவுல கையெழுத்து போட்டு எடுத்துட்டு வாங்க.