ஸ்டேஷனில் வாங்கிய கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு?

"ஒத்துக்கிட்டான்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்களே, கேஸ் போச்சா சார்?" கைதானவரின் வீட்டார் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். போகாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872 சாட்சியச் சட்டத்தில் இது 25-வது பிரிவு; இன்றைய பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 23.

இந்த விதி யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. பின்னால் நம் ஊர்க் குடியானவர்கள் பட்ட அடி இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1816-ம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் போலீஸ் அதிகாரத்தைத் தாசில்தாரிடமே கொடுத்தது. கிஸ்தி என்ற நிலவரியை வசூலிப்பவரும் அவரே, திருடனைப் பிடிப்பவரும் அவரே. சிறு குற்றங்களுக்குக் கிராமத் தலைவரே தண்டிக்கலாம். சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். 'தாழ்ந்த சாதி' என்றால் 6 மணி நேரம் வரை கால்களைப் பூட்டும் தொழுமரத்தில் மாட்டலாம். இந்தச் சாதிப் பாகுபாடு சட்டத்தின் வாசகத்திலேயே இருந்தது.

கிஸ்தி பாக்கிக்கும் திருட்டு விசாரணைக்கும் ஒரே வைத்தியம்தான். இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி, ஆளைக் குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்த பிறகு, 1854-ல் மூன்று பேர் கொண்ட ஆணையம் போட்டார்கள். அடுத்த ஆண்டே அறிக்கை வந்தது: சித்திரவதை நடப்பது உண்மை. ஆனால் பழி முழுவதும் இந்தியச் சிப்பந்திகள் தலையில் விழுந்தது. அவ்வளவு கிஸ்தியை நிர்ணயித்த துரைமார்கள் தப்பித்துக்கொண்டார்கள். வசதியான தீர்ப்பு!

எப்படியோ, 1859-ல் மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்து, வருவாய்த் துறையிலிருந்து காவல் பிரிந்தது. 1860 தண்டனைச் சட்டத்தின் 330-வது பிரிவு, ஒப்புதல் வாங்க அடிப்பதை 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. அதற்குச் சொல்லப்பட்ட உதாரணங்களில் போலீஸ்காரர் மட்டுமல்ல, வரி பாக்கிக்காகச் சித்திரவதை செய்யும் வருவாய் அதிகாரியும் உண்டு. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-வது பிரிவு.

சரி, அப்படியானால் அந்த வாக்குமூலம் வெறும் காகிதமா? அங்கேதான் கவனம் வேண்டும். அதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடியாக வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். "அரிவாளைக் கிணற்றில் போட்டேன்" என்று சொல்லி, அது அங்கேயே கிடைத்தால் கோர்ட் ஏற்கலாம். நம் மாநிலத்தில் இந்த வாக்குமூலத்துக்கும், பொருளைக் கைப்பற்றியதை எழுதும் மகஜருக்கும் பல வழக்குகளில் சாட்சிக் கையெழுத்துப் போடுவது வருவாய்த் துறை ஆட்களான வி.ஏ.ஓ.வும் தலையாரியும். வருவாயும் காவலும் பிரிந்த கதையைப் படித்துவிட்டு இதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். குறுக்கு விசாரணையில் நான் முதலில் துருவுவதும் இதையே: எத்தனை மணிக்கு வந்தீர்கள், யார் கூப்பிட்டார்கள், எங்கே வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள்?

கைது செய்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்தார்களா, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்பதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். காயம் இருந்தால் காட்டி, மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். மாதக்கணக்கில் கழித்து விசாரணையின்போது முதன்முதலாகச் சொன்னால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்றுதான் எதிர்த்தரப்பு கேட்கும்.