செக்குமாடும் கொண்டை ஊசி வளைவும்

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: “ஐயா, ஓடும் ஜீப்பைப் படம் எடுத்தால் தீற்றலாக விழுகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் தெளிகிறது, ஆனால் நிறுத்தி வைத்து எடுத்ததுபோல் உயிரில்லாமல் இருக்கிறது. என்ன செய்வது?”

முதலில் கணக்கு. மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் அதற்குள் ஜீப் 20 செ.மீ. நகர்ந்துவிடும். பத்து மீட்டர் தள்ளி நின்று 50 மி.மீ. லென்ஸில் பார்த்தால் எல்லாம் சுமார் 200 மடங்கு சிறுத்து விழும். ஆகவே படத்தைப் பதியும் உணரியின் (சென்சார்) மேல் தீற்றல் 1 மி.மீ. முழுச்சட்டக் கேமராவில்கூட உணரியின் அகலமே 36 மி.மீ.தான். 1/1000 நொடியில் எடுத்தால் தீற்றல் இருபதில் ஒரு பங்காகிவிடும். ஆனால் சக்கரமும் சாலையும் சேர்ந்து உறைந்துபோகும். நீங்கள் சொன்ன உயிரில்லாத படம் அதுதான்.

மாற்று வழி, ஜீப்போடு கேமராவையும் திருப்புவது. பேனிங் என்பார்கள். ஜீப் படச்சட்டத்துக்குள் ஒரே இடத்தில் நிற்கும், பின்னணி மட்டும் ஓடும். இதுவரை எல்லாரும் சொல்வதுதான். நேர்ச் சாலையில் செய்து பாருங்கள்: விளக்கு தெளிவாக இருக்கும், பின்கதவு கலங்கியிருக்கும். கை நடுங்கிவிட்டது என்று நாம் நம்மையே நொந்துகொள்வோம். கை பாவம், அது என்ன செய்யும்! நேராக வரும் வண்டி முதலில் முகத்தைக் காட்டுகிறது, பிறகு விலாவை, கடைசியில் முதுகை. அதாவது நம் கண்ணுக்கு அது ஓடுவதோடு திரும்பவும் செய்கிறது. ஓட்டத்தைக் கேமரா ஈடுகட்டலாம். திருப்பத்தை ஈடுகட்ட முடியாது.

இனி செக்குமாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கச் சுற்றினாலும் செக்குக்கு அது காட்டுவது ஒரே விலாதான். நிலா பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதும் இப்படித்தான். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவை வட்டமாக நினைத்து, அந்த வட்டத்தின் மையத்துக்கு அருகில் நீங்கள் நின்றால் நீங்கள்தான் செக்கு, ஜீப்தான் மாடு! விளக்கு, கதவு, பின்சக்கரத்தின் அச்சு என எல்லாம் ஒரே கோண வேகத்தில் உங்களைச் சுற்றுகின்றன. தொலைவும் மாறுவதில்லை, ஃபோகஸும் நழுவுவதில்லை. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் 10 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்றால் நொடிக்குச் சுமார் 29 பாகை. நிதானமாக இடுப்பைத் திருப்பும் வேகம்தான் அது. ஷட்டரை 1/30 நொடியில் வைத்தால் பின்னணி ஏறக்குறைய ஒரு பாகை வழுக்கும், அதாவது படத்தின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்கு. யூகலிப்டஸ் மரங்கள் கோடுகளாக இழுபட அது போதும். எந்தப் பந்தயத் திடலும் இவ்வளவு மலிவாக இந்த வசதியைத் தராது.

கால்களைப் படம் எடுக்கப்போகும் திசைக்கு ஊன்றி, இடுப்பை மட்டும் வண்டி வரும் பக்கம் முறுக்கி, அங்கிருந்து அவிழ்த்துவாருங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். பொத்தானை அழுத்திய பிறகும் திருப்பத்தை நிறுத்தாதீர்கள். மூடுபனியில் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும். வண்டி வருமுன்பே சாலையில் அதே தொலைவில் ஏதாவது ஒரு கோட்டின் மேல் ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். நிற்கும் இடம் தடுப்புச் சுவருக்குப் பின்னால்தான். வளைவில் பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும்.

சென்ற மாதம் நான் எடுத்த நாற்பதில் மூன்று தேறின. அவற்றில் ஒன்றில் நம்பர் பலகையின் திருகுகூடத் தெரிகிறது. முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் மட்டும் கலங்கியிருக்கின்றன. அவை தம் போக்கில் ஊசலாடுகின்றன, அதற்கு என் இடுப்பு என்ன செய்ய முடியும்? திருஷ்டிக்கு அவை போதும் என்று நம்பியோ என்னவோ, அந்த ஓட்டுநர் வளைவில் ஹாரன் அடிக்கவே இல்லை.