ட்ரிக்கரைப் பாலிஷ் போடுவதற்கு முன்

ஏர் கன் பழுதுபார்க்கும் என் மேசைக்கு வரும் துப்பாக்கிகளில், காலப்போக்கில் தேய்ந்துபோன ட்ரிக்கரைவிட, வீட்டில் தேய்த்துக் கெடுக்கப்பட்ட ட்ரிக்கர்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கொண்டுவருபவர் சொல்லும் கதையும் பெரும்பாலும் ஒன்றுதான். "கொஞ்சம் கனமா இருந்துச்சு சார், வீடியோ பார்த்துக் கழட்டி லேசா பாலிஷ் போட்டேன். ரெண்டு வாரம் அருமையா இருந்துச்சு. இப்போ காக் பண்ணினா சில நேரம் நிக்க மாட்டேங்குது."

இதில் என்னைப் பயமுறுத்துவது அந்தச் 'சில நேரம்'தான். காக் செய்தால், அதாவது சுடுவதற்குத் தயாராக ஏற்றி வைத்தால், ஒருமுறைகூட நிற்காத துப்பாக்கியை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. அது நேராக மேசைக்கு வந்துவிடும். பெரும்பாலும் நின்று, எப்போதாவது வழுக்கும் துப்பாக்கியை நம்பித்தான் மனிதர்கள் விரலைக் கொடுக்கிறார்கள்.

ஸ்பிரிங் வகை ஏர் கன்னில் பேரலை மடக்கிக் காக் செய்யும்போது பிஸ்டன் பின்னால் போய் மெயின் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. அழுத்தி முடிந்ததும் பிஸ்டன் திரும்பி வராதபடி பிடித்துக்கொள்ளும் சிறு எஃகுத் துண்டுக்குச் சியர் என்று பெயர். கதவுக்கு நாதாங்கி எப்படியோ, பிஸ்டனுக்குச் சியர் அப்படி. ட்ரிக்கரை இழுத்தால் சியர் விலகுகிறது, பிஸ்டன் பாய்கிறது, அது அழுத்தும் காற்று பெல்லட் என்ற சிறு குண்டைத் தள்ளுகிறது. சியரும் அதன் ஜோடிப் பாகமும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் இடம் மிகச் சிறியது. பல ட்ரிக்கர்களில் அந்தப் பிடிப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வீட்டில் உப்புத்தாளை எடுப்பவர் கைவைப்பது அந்த ஒரு மில்லிமீட்டரில்தான்.

சரி, ட்ரிக்கர் ஏன் கனமாக இருக்கிறது? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. எளிய, விலை குறைந்த ஏர் கன்கள் பலவற்றில் ஒற்றைச் சியர்தான் மெயின் ஸ்பிரிங்கின் முழு விசையையும் நேரடியாகத் தாங்குகிறது. அத்தனை விசைக்கு எதிராக அதை நகர்த்த வேண்டும் என்பதால் இழுவை கனமாகத்தான் இருக்கும். கண்ணாடிபோலப் பளபளக்கத் தேய்த்தாலும் அந்த அமைப்பு மாறப்போவதில்லை. வைராக் நிறுவனத்தின் ரெக்கார்ட் போன்ற ட்ரிக்கர்களில் நிலைமை வேறு. அங்கே இடையில் நெம்புகோல்கள் இருக்கின்றன. ஸ்பிரிங்கின் விசை படிப்படியாகக் குறைந்துதான் விரலுக்கு வருகிறது. அழுத்தக் காற்றுத் தொட்டி வைத்த பிசிபி துப்பாக்கிகளிலோ, ட்ரிக்கர் பிடித்துவைத்திருப்பது வால்வைத் தட்டும் சின்னச் சுத்தியலை மட்டுமே. அவற்றின் இழுவை லேசாக இருப்பதில் வியப்பில்லை.

10 மீட்டர் போட்டிகளில் சுடுபவரின் ரைஃபிளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, தன் ஸ்பிரிங் துப்பாக்கியும் அப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்ச இழுவை 500 கிராம் இருக்க வேண்டும். ஏர் ரைஃபிளுக்கு அப்படிக் கீழ்வரம்பு கிடையாது, அதனால் மிக மிக லேசாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ட்ரிக்கர் அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. நேரடிச் சியர் துப்பாக்கியை அதோடு ஒப்பிடுவதே தவறு. ஆசையைக் குறை சொல்லவில்லை. வழியைத்தான் சொல்கிறேன்: லேசான ட்ரிக்கர் வேண்டுமானால் அந்த அமைப்புள்ள துப்பாக்கியை வாங்குவதுதான் வழி.

இப்போது தேய்ப்பதால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். வீட்டில் தேய்த்த சியரைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் கதை அப்படியே தெரியும். தொழிற்சாலையிலிருந்து வந்த சியரின் விளிம்பு, இரண்டு தளங்கள் சந்திக்கும் ஒரு கூரான கோடு. அதன்மேல் ஒளி மெல்லிய இழையாக விழும். தேய்த்த சியரில் அந்த இழை இருக்காது. அதற்குப் பதில் அகலமான ஒரு பளபளப்பு, விளிம்பைத் தாண்டி வழிந்தமாதிரி நிற்கும். விளிம்பு உருண்டுவிட்டது என்று அர்த்தம். உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்க்கும்போது முதலில் கரைவது விளிம்புதான், ஏனென்றால் விரலின் சதை வளைந்து கொடுக்கும். சுழலும் பாலிஷ் மெஷினில் பிடித்தால் இதே சேதம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த மெஷினைச் சியருக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

விளிம்பைவிட முக்கியமானது கோணம். சியரின் தளம் எந்தக் கோணத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஸ்பிரிங்கின் தள்ளுதல் அதை இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வைக்கும், அல்லது வெளியே நழுவத் தூண்டும். பத்திரமான ட்ரிக்கரில் தளங்கள் ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும், குறைந்தபட்சம் நடுநிலையிலாவது நிற்கும். அந்தக் கோணம் ஓரிரு பாகை மாறினால்கூட நழுவும் பக்கம் சாய்ந்துவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அளவு இது. ட்ரிக்கர் வேலை தெரிந்தவர்கள் சியர் தளத்தை வெறுங்கையால் தேய்க்காமல், கோணத்தைப் பிடித்துவைக்கும் ஜிக்கில் பொருத்தி, தட்டையான கல்லில் மட்டும் ஓட்டுவது இதனால்தான்.

மூன்றாவது விஷயம் எஃகின் கடினம். பல ட்ரிக்கர் பாகங்கள் கேஸ் ஹார்டனிங் செய்யப்பட்டவை. மேலே ஒரு மெல்லிய கடினத் தோல், உள்ளே மென்மையான எஃகு. அந்தத் தோலின் தடிமன் மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குகள்தான், சில பாகங்களில் அதைவிடவும் குறைவு. தோலைத் தாண்டித் தேய்த்துவிட்டால் முதலில் எதுவும் தெரியாது. இன்னும் சொல்லப்போனால் ட்ரிக்கர் வெண்ணெய்போல இருக்கும், உரிமையாளருக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் ஒவ்வொரு முறை காக் செய்யும்போதும் மென்மையான எஃகில் பள்ளம் விழும். 'ரெண்டு வாரம் அருமையா இருந்துச்சு' என்பதன் காரணம் இதுதான்.

"சேஃப்டி போட்டுட்டா பிரச்சினை இல்லையே?" என்று கேட்பார்கள். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: பல ஏர் கன்களில் சேஃப்டி தடுப்பது ட்ரிக்கரின் அசைவை மட்டுமே. சியரை அது பிடிப்பதில்லை. சியர் தானாக வழுக்கினால் சேஃப்டி போட்டிருந்தாலும் துப்பாக்கி வெடிக்கும்.

பேரலை மடக்கும் வகைத் துப்பாக்கியில் ஆபத்து இன்னும் நேரடியானது. பெல்லட்டைப் பொருத்த பேரல் மடங்கியிருக்கும்போது, விரல் திறந்த வாயில் இருக்கும். அந்த நொடியில் சியர் வழுக்கினால் பேரல் அறைந்து மூடும். பக்க நெம்புகோலும் அடி நெம்புகோலும் உள்ள வகைகளில், நகரும் காற்றறை விரலின் மேல் வந்து மோதும். விரல் நுனியே துண்டான விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன. இதைத் தடுக்கச் சில துப்பாக்கிகளில் தனிப் பாதுகாப்பு அமைப்பு உண்டு. ஆனால் அதிலும் ஒரு வகை, பேரல் திறந்திருக்கும்போது ட்ரிக்கரை இழுக்க முடியாமல் பூட்டுவதோடு சரி. வழுக்கும் சியருக்கு அது எதுவும் செய்யாது. ட்ரிக்கரில் கைவைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும், பெல்லட் போடும்போது மறு கை பேரலையோ நெம்புகோலையோ விடவே கூடாது. மிகப் புதிய துப்பாக்கிக்கும் இது பொருந்தும்.

பிரிப்பதிலும் காயம் இருக்கிறது. காக் செய்யாத நிலையில்கூட மெயின் ஸ்பிரிங் முழுத் தளர்வில் இருப்பதில்லை. உள்ளே அழுத்தியே பொருத்தியிருக்கிறார்கள். பின்பக்கப் பின்னைத் தட்டியதும் பின்மூடி நேராக முகத்தை நோக்கிப் பாயலாம். துப்பாக்கியை நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னைக் கழற்றுவதை வீடியோக்களில் பார்க்கிறேன், பதறுகிறது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து மெல்லத் தளர்த்தும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஸ்பிரிங்குக்குப் பதில் கேஸ் ராம் என்ற வாயு அடைத்த உருளை உள்ள துப்பாக்கியில் அழுத்தம் எப்போதும் அடைபட்டே இருக்கிறது, அங்கே எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். பிசிபி என்றால் தொட்டியில் 200 பார் அழுத்தத்திலோ அதற்கு மேலோ காற்று இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன முறையில் முழுவதும் வெளியேற்றாமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள், முள் சிக்கிக்கொள்வதும் உண்டு.

அப்படியானால் வீட்டில் எதுவுமே செய்யக் கூடாதா? செய்யலாம். என்னிடம் 'கனம்', 'கரகரப்பு' என்று வரும் புகார்களில் பலவற்றுக்குச் சியரைத் தொடாமலே தீர்வு கிடைக்கிறது. பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகியிருக்கும். அதில் தூசியும் உலோகப் பொடியும் ஒட்டி, உராய்வைக் கூட்டும். ட்ரிக்கர் பகுதியைச் சுத்தம் செய்து, தொடும் தளங்களில் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த பேஸ்ட்டை ஊசி முனையளவு வைத்தாலே வித்தியாசம் விரலில் தெரியும். கண்ட எண்ணெயைப் பீய்ச்ச வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் காற்றறைக்குள் கசிந்தால், பிஸ்டன் அழுத்தும் வெப்பத்தில் பற்றி வெடிக்கும். அது சீலையும் ஸ்பிரிங்கையும் சேதப்படுத்தும். துப்பாக்கியின் கட்டையை (ஸ்டாக்) இறுக்கிப் பிடிக்கும் திருகுகளையும் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் ட்ரிக்கரே ஆடுவதுபோலத் தோன்றும்.

அதற்கு அடுத்தது, தயாரிப்பாளரே வைத்திருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் திருகுகள். கையேட்டைப் படித்து, ஆரம்ப நிலையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே திருகை, கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள். எடையைக் குறைக்கும் திருகு எது, சியரின் பிடிப்பைக் குறைக்கும் திருகு எது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் இரண்டையும் தொட வேண்டாம். ட்ரிக்கர் ஸ்பிரிங்கை வெட்டிச் சிறிதாக்குவதும் கூடாது. அந்த ஸ்பிரிங்தான் சியரை அதன் இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது.

பாலிஷ் போட்டே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், அதற்கும் இடம் இருக்கிறது: நெம்புகோல்கள் கூட்டின் சுவரில் உரசும் பக்கவாட்டுத் தளங்கள், அவை சுழலும் பின்கள், ஸ்பிரிங் உட்காரும் முனைகள். 2000 நம்பர் தாளைத் தட்டையான கண்ணாடிமேல் விரித்து, பக்கத் தளத்தை அதில் லேசாக ஓட்டினால் போதும். பின்னைத் துணியில் மெட்டல் பாலிஷ் வைத்துத் துடைக்கலாம், அதன் விட்டம் குறையக் கூடாது. முடிந்ததும் அரைக்கும் பொடி துளிகூட மிஞ்சாமல் கழுவுங்கள். மிஞ்சினால் அது உள்ளே இருந்து தேய்த்துக்கொண்டே இருக்கும். சியரின் தொடும் தளங்களுக்கு அனுமதி இல்லை. அவை எங்கே தொடுகின்றன என்று தெரிந்துகொள்ள, தளத்தில் மார்க்கர் மையைப் பூசி, மீண்டும் பொருத்திச் சில முறை சுட்டுவிட்டுக் கழற்றிப் பாருங்கள். மை அழிந்த இடம்தான் தொடும் இடம். அது எவ்வளவு சின்னப் பட்டை என்று கண்ணால் பார்த்தவர்கள் அதன்பிறகு தாளை எடுக்கத் தயங்குவார்கள்.

திரும்பப் பொருத்தியதும், பெல்லட் பிடிக்கும் பெட்டியை நோக்கி முனை இருக்க, பெல்லட் போட்டே சோதியுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியை வெறுமனே சுட்டால் பிஸ்டன் காற்று மெத்தை இல்லாமல் மோதும். சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை இழுங்கள், விடுங்கள், பிறகு ட்ரிக்கரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். அப்போது வெடித்தால் அந்தத் துப்பாக்கி அன்றைக்கு முடிந்தது. அப்படி வெடிக்கவில்லை என்றால், பேரல் மூடிய நிலையில், கட்டையை ரப்பர் சுத்தியலால் பல பக்கங்களிலும் தட்டிப் பாருங்கள். இதில் ஒரே ஒருமுறை வழுக்கினாலும் அது தோல்விதான். சரிசெய்து மறுபடி தேய்த்துப் பார்க்கும் வேலை வேண்டாம், பாகத்தை மாற்றுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். முந்தைய கை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. திருகுத் தலைகள் சிதைந்திருக்கிறதா, பின்களைச் சுற்றிப் பஞ்ச் சறுக்கிய கீறல் இருக்கிறதா, அந்த மாடலுக்குப் பொருந்தாத அளவு இழுவை லேசாக இருக்கிறதா என்று பாருங்கள். "நல்லா பாலிஷ் பண்ணியிருக்கேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், விலை பேசும்முன் அதைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

சியரை மாற்றும்போது அதன் ஜோடிப் பாகத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், தேய்ந்த தளத்தின்மேல் புதிய தளம் சரியாக உட்காராது. கழற்றிய பழையதை ஸ்பேர் டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம். பார்வைக்கு அது புதியதைவிடப் பளபளப்பாக இருக்கும். இன்னொரு நாள் வேறு யாராவது நல்ல பாகம் என்று எடுத்துப் பொருத்திவிடுவார்கள். வைஸில் வைத்து வளைத்துவிட்டோ உடைத்துவிட்டோ எறியுங்கள்.