பொய்ப்பசி அல்ல, வேட்கை

மொரீசியசில் ஒரு உடல்நலத் துண்டறிக்கை தமிழிலும் வருவதே பெரிய காரியம், குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் ஒரு பண்டத்தைத் தின்றே தீரவேண்டும் என்ற ஆசையைக் குறிக்கும் 'கிரேவிங்' என்ற ஆங்கிலச் சொல் வருகிற இடத்திலெல்லாம் 'பொய்ப்பசி' என்று போடுவதை எத்தனை தடவைதான் பொறுப்பது?

வேரைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் உரிமையோடு கேட்பது. இந்த ஆசைக்கு நாம் இங்கே பேசும் கிரியோல் மொழியில் சொல்லும் 'ஆன்வி' பிரெஞ்சிலிருந்து வந்தது, அதன் லத்தீன் மூலம் பொறாமை. இரண்டிலும் பசி கிடையாது.

காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறியோடு வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தவர், போகிற வழியில் கடைக் கண்ணாடிக்குள் நாப்போலித்தேனைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்: இரண்டு வெண்ணெய் பிஸ்கோத்து, நடுவில் ஜாம், மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு. இதில் பசி எங்கே? 'அதனால்தானே பொய் என்கிறோம்' என்பார்கள். பசியே இல்லாத இடத்தில் மெய் என்ன, பொய் என்ன? பசித்தவனுக்குப் பழைய சோறும் போதும், இது கேட்டதைத்தான் கேட்கும். அதோடு பொய் என்றாலே ஆள் நடிக்கிறார் என்றாகிவிடுகிறது. மூளையில் நடப்பது மெய்தான். இயற்கையில் கொழுப்பும் சர்க்கரையும் ஒன்றாக நிறைந்த உணவு தாய்ப்பாலைத் தவிர அபூர்வம். பலகாரக்காரர்தான் இரண்டையும் சேர்த்துப் பிசைகிறார். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கலோரி சமமாக இருந்தும், கொழுப்பும் மாவுச்சத்தும் சேர்ந்த தின்பண்டத்துக்கே ஆட்கள் கூடுதல் விலை தர முன்வந்தார்கள். மூளையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளின் முக்கிய வேலையும் ருசிக்க வைப்பதல்ல, வேண்டும் வேண்டும் என்று தூண்டுவது.

அந்த 'வேண்டும்' பிறந்த வேர்தான் வேள், விரும்புதல். அதே வேரில் வந்தது வேட்கை. அது காதலுக்கான சொல் என்று ஒரு பண்டிதர் மூக்கைச் சுளித்தார். தாகத்தை நீர்வேட்கை என்கிறோமே, அதில் என்ன காதல்? உணவு வேட்கை என்றால் யாருக்கும் புரியும். பேச்சில் 'வாய் நமநமங்குது' இருக்கிறது, அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. முறுக்கை 'மூல்க்கு' ஆக்கிக் கிரியோலுக்கே கொடுத்த சனத்துக்கு, அகராதியைப் புரட்டிப் 'பொய்ப்பசி' கற்றுத்தர வருகிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். அடுத்த அறிக்கையில் 'ஏக்கம்' என்று மாற்றப்போவதாகவும் கேள்வி. ஐயா, ஏக்கம் ஊரை விட்டுக் கப்பலேறி வந்தவனுக்கு. கேக்குக்கு எதற்கு?