இல்லாத கால் நோகும்போது

மிதிவெடியில் கால் போனவர்கள் எங்களிடம் வந்து "மனம் சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். போட்ட கால் கடிக்கிறது, நாரி நோகிறது, நித்திரை வருவதில்லை என்பார்கள். மனைவியைக் கேட்டால், "பின்னேரமானால் குடி, வாய் திறந்தால் கோபம்" என்பார். அதனால்தான் இலங்கையின் வடக்கே வன்னியில், போரால் பாதிக்கப்பட்டவர்களின் மனநலத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் துணைநிற்கும் உளசமூகப் பணி செய்கிற எங்களுக்கு ஆற்றுப்படுத்தல் (கவுன்சிலிங்) அறையைவிட, செயற்கைக்கால் செய்யும் பட்டறை வாசலில் வேலை அதிகம். அளவெடுக்கக் காத்திருப்பவர்களோடு அந்த வாங்கில் சும்மா இருந்தால் போதும், கதை தானாக வரும்.

அப்படி ஒரு நாள் ஓர் ஐயா சொன்னது: "பிள்ளை, எனக்கு இல்லாத கால்தான் நோகுது. பெருவிரலை ஆரோ பிடிச்சு முறிக்கிற மாதிரி. வீட்டிலயும் சொல்லேல்லை, விசரெண்டு நினைப்பினம்."

விசரே இல்லை. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. அறுந்த நரம்புகளும் சும்மா இருப்பதில்லை. உறுப்பு இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோ ஏதோ ஓர் அளவில் வரும். பனடோலுக்கு அவ்வளவாகக் கேட்காது. நரம்பு நோவுக்கென்று வேறு மருந்துகள் உண்டு, வைத்தியரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். கண்ணாடிப் பயிற்சியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த முறை அது. கால்களை நீட்டி உட்கார்ந்து, நடுவே ஒரு கண்ணாடியை நல்ல கால் தெரியும்படி நிறுத்தி, இழந்த கால் பக்கத்தை அதன் பின்னால் மறைத்துவிட வேண்டும். கண்ணாடியில் தெரியும் பாதத்தைப் பார்த்தபடியே நல்ல காலின் விரல்களை மெல்ல மடக்கி விரிக்க வேண்டும். சிலருக்கு முறுக்கிப் பிடித்தது விட்டுவிடும். சிலருக்கு ஒன்றும் ஆகாது. முதல் தடவை அழுதுவிடுபவர்களும் உண்டு, ஆகவே இயன்மருத்துவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

அப்புறம், மூலையில் சாத்தி வைத்த கால். "இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்துத் தந்த காலை ஏன் போடுறியள் இல்லை?" என்று வீட்டார் ஏசுவதற்கு முன், எஞ்சிய கால்பகுதியில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்தப் பகுதி மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே போகும். உடம்பு ஏறினாலும் இறங்கினாலும், அந்தப் பகுதி உட்காரும் செயற்கைக்காலின் குழி பொருந்தாது. வெயிலில் வியர்த்து, உராய்ந்து, தோல் கழன்றுவிடும். இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1968இல் உருவான ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக்கால், வெறுங்காலோடு நடக்கவும் குந்தவும் வயலில் இறங்கவும் ஏற்றது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் இயங்குகிறது. ஆனாலும் எந்தக் காலும் ஆயுளுக்கும் வராது. சில வருடங்களில் மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் அடிக்கடி. கோப்பில் "கால் வழங்கப்பட்டது" என்று எழுதி மூடிவிடுகிறார்களே, எனக்கு அதில்தான் கோபம்.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. மருத்துவத்தோடு, பாதிக்கப்பட்டவரைச் சமூகத்திலும் தொழிலிலும் திரும்பச் சேர்ப்பதையும் அந்த உடன்படிக்கை பேசுகிறது. நிலத்தைத் துப்புரவாக்க 2028 வரை கெடு. சரி, மிதிவெடிகள் நிறைந்த முகமாலையில் கடைசிச் சிவப்பு எச்சரிக்கைப் பலகையையும் பிடுங்கிவிட்டோம் என்று வையுங்கள். 2009இல் பத்து வயதில் கால் இழந்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு எத்தனை கால் வேண்டும், யார் கொடுப்பது?

உதவிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கமராவை நீட்டி "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று தோண்டாதீர்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைத்தால் பாரம் இறங்கும் என்பது பழைய நம்பிக்கை. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அவர் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். கடனோ, பென்சன் படிவமோ, பிள்ளையின் பள்ளிக்கூடமோ, இன்று நெருக்குவது எதுவென்று கேட்டு அதற்கு வழி காட்டுங்கள்.

2009இல் போர் முடிந்த மே மாதம் நெருங்கினால் பலருக்கு நித்திரை குழம்பும். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்துவதாக இருந்தால் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தாலோ, குடி கூடினாலோ, அவரைத் தனியே விடாமல் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். உடனே போக முடியாவிட்டால், தேசிய உளநல உதவி இலக்கம் 1926.