ஸ்லிட் லேம்பில் வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு முன்

மெல்லிய பிளவு வழியே ஒளியைப் பாய்ச்சி நுண்நோக்கியால் கண்ணைச் சோதிக்கும் ஸ்லிட் லேம்ப் முன் புதிதாக உட்காருகிறவர்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, பிளவை அகலமாகத் திறந்துவிடுகிறார்கள். நோயாளிக்குக் கண் கூசி நீர் வழிகிறது. பார்க்கிறவருக்கும் ஒன்றும் பிடிபடுவதில்லை. கருவிழி (கார்னியா), லென்ஸ், இடையிலுள்ள நீர் எல்லாமே ஒளி ஊடுருவுபவை. அவற்றிலுள்ள குறை தெரிய வேண்டுமானால் மெல்லிய ஒளி பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும், சுற்றிலும் இருட்டு வேண்டும். 1911-ல் ஸ்வீடனின் கண் மருத்துவர் குல்ஸ்ட்ராண்ட் இந்த விளக்கை அறிமுகப்படுத்தியபோது இருந்த அடிப்படையும் இதுவே.

விளக்கைத் தொடுவதற்கு முன் கண்ணருகு லென்ஸ்களைச் சரிசெய்ய வேண்டும். அதிகம் அலட்சியப்படுத்தப்படும் வேலை இதுதான். கருவியோடு வரும் ஃபோகஸ் கம்பியை அதற்குரிய துளையில் செருகி, மெல்லிய பிளவை அதன்மேல் விழச் செய்யுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு பக்கத்து வளையத்தை பிளஸ் பக்கம் கடைசிவரை திருப்பி, அங்கிருந்து மெதுவாகத் திரும்பி வாருங்கள். பிளவின் விளிம்பு முதன்முதலில் கூர்மையாகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டித் திருப்பினாலும் இளம் வயதுக்காரருக்குத் தெளிவாகவே தெரியும், ஏனென்றால் அவர் கண் சிரமப்பட்டு ஈடுகொடுக்கிறது. மாலையில் வரும் தலைவலிக்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் அடுத்த கண், அதன்பின் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம். இது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே கருவியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில், முந்தையவர் வைத்துவிட்டுப் போன லென்ஸ் அளவில் பார்த்தால் நுண்நோக்கி ஒரு தளத்தையும் ஒளி இன்னொரு தளத்தையும் பிடிக்கும்.

முதல் பார்வைக்கு, ஒளியைப் பரவலாக்கும் டிஃப்யூசரும் குறைந்த உருப்பெருக்கமும் போதும். இமை, இமை முடி, வெள்ளை விழி எல்லாம் அதில் அடங்கிவிடும். கருவிழியில் புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்க, பிளவை முடிந்தவரை மெலிதாக்கி விளக்கை 45 டிகிரி அளவில் சாய்த்துக்கொள்ளுங்கள்.

கருவிழிக்குப் பின்னால் நீர் நிறைந்துள்ள முன் அறையில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பொறுமையைக் கேட்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, உங்கள் கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருங்கள். பிளவின் உயரத்தையும் அகலத்தையும் 1 மில்லிமீட்டருக்குக் குறைத்து, உருப்பெருக்கத்தைக் கூட்டி, சாய்வாக உள்ளே விடுங்கள். வெளிச்சத்தை முழுதாகக் கூட்ட வேண்டிய இடம் இதுதான். கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள கருமையில் ஃபோகஸ் செய்யுங்கள். இருட்டறையில் சன்னல் இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசு மிதப்பதுபோல் செல்கள் மிதந்து போவது தெரியும். புரதம் கசிந்திருந்தால் ஒளியின் பாதையே புகைபோல் வெளுத்திருக்கும். கண்ணில் ப்ளூரசின் சாயம் போட்டுக் கண் அழுத்தம் பார்த்த பிறகு இதைத் தேடாதீர்கள். சாயம் உள்ளே இறங்கினால் அந்த வெளுப்பைப் பிரித்தறிவது கடினம்.

ப்ளூரசினைப் பார்க்கும்போது கணக்கு தலைகீழ். நீல ஃபில்டர் ஒளியைப் பெருமளவு குறைத்துவிடும். எனவே பிளவை அகலப்படுத்தி வெளிச்சத்தைக் கூட்டலாம். நுண்நோக்கி பக்கம் மஞ்சள் ஃபில்டர் இருந்தால் அவசியம் போடுங்கள். சிறு சிராய்ப்புகூடப் பளிச்சென்று தெரியும்.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்துக்கு முன் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். விளக்கை 60 டிகிரிக்குத் தள்ளி, நோயாளியின் நெற்றிப்பொட்டுப் பக்கத்துக் கருவிழி ஓரத்தில் மெல்லிய பிளவை விழச் செய்து, கருவிழிக்கும் ஐரிஸுக்கும் (கண்மணியைச் சுற்றிய நிறப் படலம்) இடையே தெரியும் கருப்பு இடைவெளியைக் கருவிழியின் தடிமனோடு ஒப்பிடுங்கள். கால் பங்கோ அதற்குக் குறைவோ என்றால் அவை இரண்டும் சேரும் கோணம் குறுகலாக இருக்கலாம். அப்படியே சொட்டு மருந்து விட்டால் கண் அழுத்தம் திடீரென ஏறும் ஆபத்து உண்டு. 60 டிகிரியை உத்தேசமாக வைக்காமல் கருவியின் அளவுகோலைப் பார்த்தே வையுங்கள், விளக்கின் சாய்வு மாறினால் விகிதமும் மாறிவிடும். சந்தேகம் இருந்தால் சொட்டை நிறுத்திவைத்து, அந்தக் கோணத்தை நேரடியாகப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி செய்யச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள்.