கேஃப்டீரியா: காப்பி விலகிப்போன காப்பிக்கடை

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்டு முடிந்து வருபவரிடம் "கேஃப்டீரியா எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "கேண்டீனா? அந்தப் பக்கம்" என்று கை காட்டுவார். பலகையில் ஒரு பெயர், பேச்சில் ஒரு பெயர். இரண்டும் ஒன்றல்ல. கேண்டீன் என்பது யாருக்குச் சாப்பாடு என்பதைக் காட்டும்: ஆலை, கல்லூரி, மருத்துவமனை என ஓரிடத்தைச் சேர்ந்தவர்களுக்கு. கேஃப்டீரியா என்பது எப்படிச் சாப்பாடு என்பதைக் காட்டும்.

சொல் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. அங்கே 'கஃபெத்தேரா' என்றால் காப்பிப் பாத்திரம். காப்பி விற்கும் இடம் 'கஃபெத்தெரீயா'. இன்னும் பின்னே போனால் துருக்கியின் கஹ்வே, அரபியின் கஹ்வா. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில், வந்தவர்களே எடுத்துச் சாப்பிடும் கூடம் ஒன்றுக்கு ஜான் க்ரூகர் என்பவர் இந்தப் பெயரை வைத்தார். காப்பி விலகிக்கொண்டது, தானே எடுப்பது பொருளாகிவிட்டது. ஸ்பானியத்தில் இடத்தைக் குறிக்கும் விகுதி 'எரீயா' மட்டும்தான். அமெரிக்கர்கள் முன்னாலிருந்த 'த'வையும் சேர்த்து வெட்டி, 'டீரியா' என்றாலே தானே செய்துகொள்வது என்று எடுத்துக்கொண்டார்கள். துணி துவைக்க வாஷடீரியா, மளிகைக்குக் குரோசடீரியா என்று சொற்கள் பிறந்தது அப்படித்தான். பிழையாகப் பிரித்த விகுதி என்றாலும் நன்றாகவே பிழைத்தது.

அமைப்பு இதுதான். நுழைந்ததும் தட்டம். முன்னால் இடுப்பளவு உயரத்தில் குழாய்த் தண்டவாளம்; அதன்மேல் தட்டத்தைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் உணவுகள் வரிசையாக இருக்கும். கை காட்டியதைக் கிண்ணத்தில் வைத்துத் தருவார்கள். கடைசியில் கல்லா, எடுத்த கிண்ணங்களுக்கு மட்டும் காசு. பஃபே இதிலிருந்து வேறு: அங்கே ஒரே விலை, எத்தனை முறையும் போகலாம். டோக்கன் வாங்கி நின்று சாப்பிடும் பெங்களூர் தர்ஷினியும் வேறுதான். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் பார்க்கும் செல்ஃப் சர்வீஸ் கடைகள் பெரும்பாலும் அந்தத் தர்ஷினியின் பிள்ளைகள். அங்கே காசு முதலில், சாப்பாடு பிறகு.

அமெரிக்காவில் இந்த வகைக் கடைகள் தேய்ந்துவிட்டன. காசு போட்டால் பெட்டி திறக்கும் ஆட்டோமேட் இதற்கு நெருங்கிய உறவு. அந்த வகையில் நியூயார்க்கின் கடைசிக் கடை 1991-இல் மூடியது. டெக்சாசின் கேஃப்டீரியாத் தொடர்கடையான லூபிஸ் 2020-இல் கலைப்பு அறிவித்து, பிறகு கைமாறிப் பிழைத்தது. காரணம் எளிது. முதல் ஆள் வருமுன்பே நாற்பது பண்டமும் சூடாக இருக்க வேண்டும். கூட்டம் குறைந்தால் மிச்சமெல்லாம் நட்டம். பர்கர் கடைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் இதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்: பார்த்துவிட்டு எடுக்கலாம், டிப்ஸ் வைக்க வேண்டாம், தனியாள் சங்கடமில்லாமல் உட்காரலாம்.

நம் கடைவீதியில் இது வேரே பிடிக்கவில்லை. தோசை கல்லிலிருந்து இலைக்கு வர வேண்டிய பண்டம். வரிசையில் பத்து நிமிடம் காத்திருந்தால் தோல்தான். 'அளவில்லாச் சாப்பாடு' என்று பழகியவர், சாம்பார் இன்னொரு கரண்டிக்கு எழுந்து போய்க் காசு கொடுப்பாரா? ஆக, அது ஆலைக்குள் தங்கிவிட்டது. அங்கே சட்டமும் துணை: 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் கேட்டது, 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 100 பேராக்கியது.

வரிசையின் உயிர் 'பேன் மேரி' எனும் வெந்நீர்த் தொட்டி. அதில் இறக்கும் உணவுப் பாத்திரங்களில் பெரியதன் வழக்கமான அளவு 530 × 325 மில்லிமீட்டர். ஆழம் 65, 100, 150 எனக் கிடைக்கும். பொரியலுக்கு 65 போதும், சாம்பாருக்கு 150. தண்ணீர் பாத்திரத்தின் அடியைத் தொட வேண்டும். வற்றினால் ஹீட்டர் கம்பி போய்விடும். உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அடிக்கடி நடக்கும் தப்பு, ஆறிய குழம்பை இதில் வைத்துச் சூடாக்கப் பார்ப்பது. இது சூட்டைக் காக்கும், ஏற்றாது. அடுப்பில் கொதிக்க வைத்துத்தான் இறக்க வேண்டும். சாம்பாரில் பருப்பு அடியில் தங்கும். கலக்காமல் அள்ளினால் முதல் ஆளுக்கு ரசம், கடைசி ஆளுக்குக் கூழ்.

தருமபுரிப் பக்கத்துக் கேப்பைக் களி இந்த வரிசைக்குச் சரிப்படாது. திறந்து வைத்தால் மேலே ஆடை கட்டி இறுகும். மூடி போட்ட ஹாட் பாக்ஸில், சிறு சிறு ஈடாகக் கிண்டிக் கொண்டுவர வேண்டும். குழி வைத்த எவர்சில்வர் தட்டும் பத்தாது. களி மூழ்கக் குழம்பு நிற்கும் ஆழம் அதில் ஏது?

இனி தமிழ்ச் சொல். 'குளம்பியகம்' மூலத்துக்குச் சரி, பொருளுக்குத் தப்பு. அது காப்பிக்கடைக்கே இருக்கட்டும். 'சிற்றுண்டிச்சாலை' அலுவலகப் பலகைகளில் பழகிய நல்ல சொல், ஆனால் கேண்டீனைக் குறிப்பது. முழுச் சாப்பாடு போடும் இடத்தைச் சிற்றுண்டி என்பதும் இடிக்கிறது. 'தற்சேவை உணவகம்' செல்ஃப் சர்வீஸ் முழுமைக்கும் பொது. தவிர, சாப்பாட்டுக் கடையில் சேவை என்று படித்தால் எலுமிச்சை சேவைதான் நாக்கில் வருகிறது. 'தட்டேந்தி' என்றால் பிச்சை வாடை. தெருவோரக் கடைக்குக் 'கையேந்தி பவன்' என்று பெயர் வைத்த ஊர் சிரித்துவிடும்.

எங்கள் பரிந்துரை 'தட்டுவரிசை உணவகம்'. தட்டும் வரிசையும்தான் இதன் அடையாளம், இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன. 'தட்டுவரிசையில் வாங்கிக்கோ' என்று பேச்சிலும் வரும். 'சீர்வரிசைத் தட்டு' நினைவுக்கு வந்தால் வரட்டும். அங்கேயும் பண்டங்களை அடுக்கி எல்லாரும் பார்க்கத்தானே வைக்கிறோம்.